பாலன் மலையேறிய விவகாரம்

எல் அல்த்தோ,
ஜனவரி 14, 1986

அன்புத் தங்கை எலோயிசாவுக்கு,

மேகங்களுக்கும் மேலே குடியிருப்பவனும், உருளைக்கிழங்குகளின் மெய்க்காவலனும், இந்த மலைத்தொடரின் பிரம்மச்சாரிகளில் மூத்தவனுமாகிய உன் அண்ணன் ப்ருதென்சியோ, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்து எழுதுவது. இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். பங்குச்சாமியார் நம்பமாட்டார். என் கோவேறு கழுதை மகாராணி பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தாள்; அவளே நம்பவில்லை. இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் கீழே ல வேகாவில் பூசையில் இருந்த நேரம். நான் பூண்டு வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூடுபனி திரைபோல இரண்டாகப் பிரிந்தது. காளைகள் முழங்கால் போட்டன. பாதையில் இரண்டு சாண் உயரத்தில் ஒருவர், இடுப்பில் சரிகைத்துணி, காலில் செருப்புகூட இல்லாமல் மூச்சிரைக்க ஏறி வருகிறார்.

"யாருப்பா அது?" என்றேன்.

"நான்தான் எலோயிசா வீட்டுப் பாலன் இயேசு."

"குடில்ல வைக்கோல் மேல படுத்திருக்க வேண்டியவரு, இந்தக் குளிர்ல இங்க என்ன பண்றீங்க சாமி?"

"படுத்துப் படுத்து முதுகு வலிக்குது ப்ருதென்சியோ. மூணு ராஜாவும் வந்துட்டுப் போயாச்சு. ஊர்ல முக்காவாசி வீட்ல பாலனை எழுப்பி நிக்க வெச்சு, பாட்டுப் பாடி, கேக்கும் சாப்பிட்டாச்சு. உன் தங்கச்சி மட்டும் என்னை எழுப்பவே மாட்டேங்கிறா."

"ஏனாம்?"

பாலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னை நிக்க வெச்சா விழா முடிஞ்சிடும். விழா முடிஞ்சா பிள்ளைங்க ரெண்டும் பஸ் ஏறிடும். அதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்க சாமி என்று உள்ளே கூட்டிப்போய், அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, பாலும் உருளைக்கிழங்கும் போட்ட பிஸ்கா சூப் கொடுத்தேன். மூன்று கிண்ணம் குடித்தார்.

ஆகவே இதைத் திருட்டு என்று நீ சொன்னால் அது வானத்துக்கே அடுக்காது. திருட்டு என்றே வைத்துக்கொண்டாலும் நம் மலை வழக்கம் உனக்குத் தெரியும். எழுப்பாமல் கிடக்கும் பாலன் சொரூபத்தை யார் வேண்டுமானாலும் தூக்கிப்போகலாம். வீட்டுக்காரர்கள் வயலினும் கிட்டாருமாக ஊர்வலம் வந்து தேட வேண்டும். அகப்பட்ட வீட்டில் விருந்து. வாருங்கள். நெக்தாரியோவையும் ஒலிம்பியாவையும் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைகள் வந்தது கிறிஸ்துமஸுக்கு முன்பே. "ஆசீர்வாதம், மாமா!" என்று என் வாசலில் ஒரு குரல்கூட இன்னும் கேட்கவில்லை.

கேட்காத காரணமும் தெரிந்துவிட்டது. எனக்குப் பொன்னுக்கு வீங்கியாம்! நீ சொன்னாயாம்! பால் ஜீப் ஓட்டும் அமாதோர் இப்போதெல்லாம் பாத்திரத்தைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடுகிறான். இந்தக் கடிதத்தைக்கூட இடுக்கியால்தான் வாங்கிக்கொள்ளப்போகிறான்.

ஆகஸ்டில் நீ செய்த சபதம், என்னோடு வாயால் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்பது. பேனாவைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. பதில் எழுது.

வீங்காத கன்னங்களுடன்,
ப்ருதென்சியோ


ல வேகா,
ஜனவரி 16

பெரியவர் ப்ருதென்சியோ அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பாதியோடு கிழித்துப் போட நினைத்தேன். மீதியையும் படித்துவிட்டேன்.

பூசைக்குப் போனவள் வீட்டுக்குள் புகுந்து குடிலில் கைவைத்த மனிதரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. காலியான இடத்தில், குடிலுக்குப் பரப்பியிருந்த பாசியை இழுத்து மூடி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் கவனிக்கவில்லை. தேடிக்கொண்டு யாரும் வரமாட்டோம். பக்கத்து வீட்டு பவுலாவிடம் இன்னொரு பாலன் இருக்கிறார், கொஞ்சம் மூக்கு உடைந்தவர். அவரை இரவல் வாங்கி நிற்க வைத்து விழாவை முடித்துக்கொள்வேன்.

பொன்னுக்கு வீங்கி என்று சொன்னது உண்மைதான். நெக்தாரியோ இன்னும் கல்யாணம் ஆகாத பையன்; அது ஒட்டிக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு வாரிசு இல்லாமல் போகும் என்பார்கள். பொன்னுக்கு வீங்கி என்றதும் முகம் வெளுத்துப்போய், "மாமா குணமானதும் போய்ப் பார்த்துக்கலாம்மா" என்று அவனே சொன்னான். நான் ஒன்றும் கட்டிப்போடவில்லை.

ஆகஸ்டை நான் மறந்தேன் என்று நினைக்கிறீர்களா? ஐந்து நாள் லீவில் வந்தார்கள். காலையில் மீன் பிடிக்க உங்கள் பக்கம் ஏறினார்கள். நான் குடல் குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடு பண்ணினேன். ஆறியது. திரும்பவும் சூடு பண்ணினேன். கடைசியில் பாத்திரத்தில் ஒட்டினதை நாய்க்குப் போட்டேன். மறுநாள் சாயந்திரம் இறங்கி வந்தவர்கள், மாமா இதைச் சொன்னார், மாமா அப்படி நடித்துக் காட்டினார் என்று பஸ் ஏறும்வரை அதே பேச்சு.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். மராக்காய்போவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிற பிள்ளை, வந்ததும் வாசலில் பூட்ஸைக் கழற்றி எறிந்தான். அதை ஓரமாக வைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. தாண்டித் தாண்டிப் போகிறேன். ஒலிம்பியா கராகசில் தைத்துத் தைத்து விரலெல்லாம் ஊசிக் காயம். மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், ஆறு வயதில் தூங்கின மாதிரியே. விசிறுகிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இந்தக் குளிரில் எதற்கு விசிறி என்று அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

பெற்றவளுக்குத்தான் இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

என் வீட்டில் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். உங்கள் வீட்டில்தான் சிரிக்கிறார்கள். அதுதான்

சரி, போதும். பாலனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலோயிசா


எல் அல்த்தோ,
ஜனவரி 18

தங்கையே,

மூக்கு உடைந்த பாலனா! உன் கடிதத்தை உரக்கப் படித்ததும் அடுப்போரம் இருந்தவர் சூப்பைக் கீழே வைத்துவிட்டார். "என் இடத்துல அவனா?" என்றார். சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் கிட்டார் வாசிக்க வேண்டியதாயிற்று.

பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று எழுதிவிட்டாய். இருக்கட்டும். நெக்தாரியோவுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க அந்த ஐஸ் குளத்தில் இறங்கி மூன்று வாரம் நீலநிறமாகத் திரிந்தது யார்? அப்போது என்னைப் பார்த்த ஒரு மாடு வானம் கீழே விழுந்துவிட்டது என்று கத்தியதை ஊரே பேசியது. ஒலிம்பியாவின் முதல் பொம்மைக்குச் சட்டை தைத்தது யார்? பின்னே, யாரைப் பார்த்து அவள் தையல் கற்றுக்கொண்டாள்? அவளுடைய விரல் காயங்களில் பாதி என்னுடையவை.

இங்கே ஏற்பாடுகளைக் கேள். எழுபது பேர் உட்கார இடம் செய்திருக்கிறேன். இந்த வருஷ உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் தொட்டில் அளவு. ஒன்றை உருட்டிவிட்டதில் வேலி போய்விட்டது. வயலின்காரக் கிழவனுக்குச் சொல்லியாகிவிட்டது. சோம்பு போட்ட மீச்சே சாராயத்தைப் பீப்பாயில் ஊற்றி வைத்திருக்கிறேன். மேலே பறந்த கழுகு ஒன்று வாசனைக்கே மயங்கிக் கூரையில் கிடக்கிறது. பஞ்சு கேக் மட்டும் நானே செய்தேன். அது கொஞ்சம் கருகிவிட்டது.

உனக்கு வீடு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எலோயிசா. வருஷத்துக்கு இரண்டு தடவை. அதில் எனக்கு ஒரு மத்தியானம் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய்?

தேடிக்கொண்டு வா. வரவில்லையென்றால், தேடாமல் விட்ட பாலனால் வீட்டுக்கு வருஷம் முழுக்க என்ன வரும் என்று பவுலாவையே கேள். விடிய விடியச் சொல்லுவாள்.

அண்ணன்


ல வேகா,
ஜனவரி 22

அன்புள்ள அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா? குளிர் எப்படி? இந்தக் கடிதத்தோடு சோளமாவில் கறி வைத்துக் கட்டிய ஹயாகா நான்கு அனுப்பியிருக்கிறேன். வாழையிலையைப் பிரிக்காமல் அப்படியே சூடுபண்ணு. திராட்சை கூடுதலாகப் போட்டது, உனக்குப் பிடிக்கும் என்று.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது.

திங்கட்கிழமை நெக்தாரியோ வியாழக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். பவுலாவின் பாலனை இரவல் வாங்கி எழுப்பலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "பவுலா வீட்டுப் பாலன் எதுக்கும்மா, நம்ம பாலனை நாளைக்கே எழுப்பிடலாம், முடிச்சிட்டுக் கிளம்பறோம்" என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்குள் ஒலிம்பியா பாசியை நகர்த்திப் பார்த்துவிட்டாள். ஒரே அலறல். "அம்மா! பாலனைக் காணோம்! யாரோ தூக்கிட்டாங்க!"

தெரு பூராவும் ஓடிவந்தது. இரண்டு பிள்ளைகளும் கண் பளபளக்க நிற்கிறார்கள், சின்ன வயதில் நின்ற மாதிரி. நெக்தாரியோ சீட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். பாலனைத் தொலைத்துவிட்டு எவன் பஸ் ஏறுவான்? ஒலிம்பியாவின் கடை முதலாளியம்மா எப்போது வருகிறாய் என்று தந்தி அடித்திருந்தாள். பாலன் திருட்டுப் போய்விட்டார் என்று இவள் பதில் அடித்தாள். அந்த அம்மாளும் நம் மலைக்காரி. உடனே மறுதந்தி: கிடைக்கிறவரை வராதே, பாலனை விட்டுவிட்டு வருகிறவளுக்கு என் கடையில் ஊசி கிடையாது.

அண்ணா, பாலன் கிடைக்காதவரை பிள்ளைகள் போகமாட்டார்கள்!

இந்த எளிய விஷயம் இத்தனை வருஷம் என் மண்டையில் ஏறவில்லை. அதனால் கேட்கிறேன். பாலனை நன்றாக ஒளித்து வை. ஜன்னல் பக்கம் வேண்டாம். மகாராணியின் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. பாட்டும் விருந்தும் இப்போதைக்கு வேண்டாம். நாங்கள் ஆற்றங்கரைப் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வீடு வயலின், ஒயின், கேக். நெக்தாரியோ ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்கிறான். நேற்று என் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்து வந்தான், தெரு முழுக்க. எல்லோரும் பார்த்தார்கள்.

உன் வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பொன்னுக்கு வீங்கி இருக்கிறதே.

உன் அன்புத் தங்கை,
எலோயிசா


எல் அல்த்தோ,
ஜனவரி 25

ஏ எலோயிசா!

ஹயாகாவை நான் தொடவில்லை. (மூன்றைத்தான் தொட்டேன்.)

சரித்திரத்தில் எத்தனையோ கொள்ளைக்காரர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் கொள்ளையடித்த பொருளைக் கொள்ளை கொடுத்தவளுக்கே காவல் காக்கும்படி ஆனவன் நான் ஒருவன்தான். பிள்ளைகள் இங்கே வர வேண்டும் என்று எடுத்தேன். எடுத்ததால் அங்கேயே தங்கிவிட்டார்கள்! தோளில் கை போட்டு நடந்தானாம், தெரு முழுக்கவாம். படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சில் நெருப்பு. அதில் காப்பி போட்டுக் குடித்தேன்.

சாயந்திரம் ஆனால் ஆற்றங்கரையிலிருந்து உங்கள் வயலின் சத்தம் இங்கே மேலே வருகிறது. ஒலிம்பியாவின் சிரிப்பும் வருகிறது, அவள் சிரிப்பு எனக்குத் தெரியாதா? நானும் பாலனும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நேற்று என்னிடம், "நம்மளைத் தேடத்தான் செய்யறாங்களா ப்ருதென்சியோ?" என்றார். என்ன சொல்வேன்? தேடுகிறார்கள் சாமி, எதிர்ப்பக்கமாக, என்றேன்.

நான் அகப்பட விரும்புகிறேன். கேட்டுக்கொள். இன்று முதல் கோவிலுக்கு வைத்திருந்த வாணங்களை விடப்போகிறேன். முதல் வாணத்திலேயே மூன்று நட்சத்திரங்கள் இடம் மாறிவிடும் என்று பஞ்சாங்கக்காரர்களுக்குச் சொல்லி வை.

நெருப்புடன்,
ப்ருதென்சியோ


ல வேகா,
ஜனவரி 29

அண்ணா,

முடிந்தது. உன் வாணங்கள் முடித்துவிட்டன.

ஞாயிறு சாயந்திரம் பவுலா வாசலில் பாடிக்கொண்டிருந்தோம். மேலே உன் பக்கம் ஒரு வாணம். பிறகு இன்னொன்று. பிறகு விடாமல். வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டார். ஒலிம்பியா மெதுவாகத் திரும்பினாள்.

"அம்மா, மாமாவுக்குப் பொன்னுக்கு வீங்கின்னு சொன்னீங்க. படுத்த படுக்கைன்னீங்க. அப்ப வாணம் விடறது யாரு? மகாராணியா?"

நெக்தாரியோ அமாதோரைப் பிடித்தான். "உண்மையைச் சொல்லுங்கண்ணே, மாமா எப்படி இருக்காரு?" அமாதோர் என் முகத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "கன்னம் ஒண்ணும் வீங்கின மாதிரி தெரியல தம்பி. நேத்து கேட்டுமேல ஏறி நின்னு எனக்கு சலாம் போட்டாரு" என்றான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒலிம்பியா கேட்டாள்: "எதுக்கும்மா?"

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டேன். எதற்கு என்பதை உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் நீ எப்படியும் கேலிதான் செய்யப்போகிறாய். வருகிற கொஞ்ச நாளில் பாதியை நீ எடுத்துக்கொள்கிறாய் அண்ணா. எனக்கு வேடிக்கை பேசத் தெரியாது. நடிக்கத் தெரியாது. சமைக்கத்தான் தெரியும். சாப்பிட்டு முடித்தபின் என்னிடம் என்ன இருக்கிறது, அவர்களைப் பிடித்து வைக்க?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி மாதா திருநாள். அதற்குமேல் பாலன் படுத்திருக்கக் கூடாது. ஊரோடு வருகிறோம். நானும் வருவேன். சபதம் சபதம்தான், பேசமாட்டேன். ஆனால் பாட வேண்டிய இடத்தில் பாடுவேன், வேறு யாருக்கும் எல்லாச் சரணமும் தெரியாது.

கேக்கை நீ தொடாதே. நான் கொண்டுவருகிறேன்.

எலோயிசா


ல வேகா,
பிப்ரவரி 5

அண்ணா,

நேற்றுக் காலை பஸ்ஸில் போய்விட்டார்கள்.

விருந்து நன்றாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். பட்டுக் கைக்குட்டையின் நாலு முனையை நாலு பேர் பிடிக்க, பாலனை நடுவில் ஏந்தி உன் வீட்டை மூன்று சுற்று வந்தபோது நீ அழுதாயென்று பவுலா சொல்கிறாள். அடுப்புப் புகை என்று நான் சொன்னேன். பாலனைக் குடிலில் நிற்க வைத்துவிட்டேன். கொஞ்சம் சாய்ந்து நிற்கிறார், உன் மீச்சே வாசனை இன்னும் போகவில்லை.

நீ பங்குச்சாமியார் மாதிரி நடித்துக் காட்டியபோது நெக்தாரியோ தரையில் விழுந்து சிரித்தான். ஒலிம்பியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மாமா, செத்துடுவேன்" என்றாள். நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன்.

பஸ் ஏறும்போதும் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஆசீர்வாதம் அம்மா" என்றார்கள். ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்றேன். முத்தம் கொடுத்தார்கள். ஏறினார்கள். திருவிழாவுக்குப் போகிற மாதிரி போனார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நானும் அழவில்லை, அவர்கள் பார்க்கும்வரை.

சிரிக்க வைக்கிறவனைத்தான் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. நீயே ஜெயித்தாய். வைத்துக்கொள்.

வாசலில் பூட்ஸ் இல்லை. இரண்டு தடவை இல்லாததைத் தாண்டிவிட்டேன்.

எலோயிசா


எல் அல்த்தோ,
பிப்ரவரி 6

என் தங்கை எலோயிசாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அந்த பஸ் மலையேறி என் கேட்டைக் கடந்துதான் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

பஸ் வருவதற்கு முன்பே மலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. நான் ரூவானாக் கம்பளியைப் போர்த்தி, மகாராணியின் காதில் ரிப்பன் கட்டி, தளபதி போல வளைவில் நின்றேன். என்னைக் கண்டதும் டிரைவர் பிரேக்கை மிதித்தான். சக்கரத்திலிருந்து பொறி பறந்து எதிர்மலையில் ஒரு தோட்டம் பற்றிக்கொண்டது. பயணிகள் எல்லோரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். நெக்தாரியோ ஜன்னல் வழியாகவே குதித்து, "மாமா, உங்களை விட்டுட்டு எப்படிப் போவேன்!" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். ஒலிம்பியா என் கழுத்தை விடவே இல்லை. பிரிக்க நான்கு பேர் வந்தார்கள். டிரைவர் அழுதான். பஸ்ஸின் விளக்குகள் இரண்டும் அழுதன. எருதுகள் பாடின. பாட்டு சுமாராகத்தான் இருந்தது.

எலோயிசா, இதை இப்படியே முடித்து ஒட்டி அமாதோரிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். அவன் இப்போது இடுக்கி இல்லாமலே வாங்குகிறான். அவன் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பஸ் நிற்கவில்லை. வளைவு என்பதால் மெதுவாகப் போனது, அவ்வளவுதான். மனிதன் நடக்கிற வேகம். நானும் கூடவே கொஞ்சதூரம் நடந்தேன், கையை ஆட்டிக்கொண்டு. என் பக்கத்து ஜன்னலில்தான் இருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

ஒலிம்பியா கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே வரவில்லை, வாயைப் பார்த்தால் தெரிந்தது. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டை நெக்தாரியோவின் மடியில் இருந்தது. அதைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்திருந்தான். தோள் குலுங்கிற்று. ல வேகாவின் கடைசி வீடு மறையும்வரை சிரித்துச் சமாளித்திருக்கிறார்கள், கீழே நின்றவளுக்காக.

என் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது ஒருநாளும் அவர்கள் அப்படி அழுததில்லை. அதனால் இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

ஜனவரியிலிருந்து நான் உனக்கு எழுதிய எதையும் நீ நம்ப வேண்டியதில்லை. இது மட்டும் நிஜம்.

ப்ருதென்சியோ